மழைக்குப் பிறகு கீரை பறிக்கப் போகிறவர்களுக்கு: கடலூர், புதுச்சேரிப் பக்கத்துக்கு ஒரு வழிகாட்டி

ஐப்பசியில் நாலு மழை அடுத்தடுத்துப் பெய்துவிட்டால் போதும், கடலூரிலும் புதுச்சேரியிலும் வெறும் தரை என்று ஒன்று இருக்காது. கேப்பர் மலையின் செம்மண் சரிவு, கெடிலத்துக் கரை, பாகூர் ஏரி பாய்கிற வயல் வரப்புகள், துணி துவைக்கிற கல்லின் ஓரம், மொட்டை மாடியில் ரோஜா பட்டுப்போன தொட்டி என்று எங்கே பார்த்தாலும் ஏதோ ஒன்று முளைத்து நிற்கும். அதில் பலதும் சாப்பிடுகிற கீரை. மல்லாட்டை (நிலக்கடலை) கொல்லைக்குக் களை எடுக்கப் போகிற பெண்கள், வேலை முடிந்து திரும்பும்போது மடியில் ஒரு பிடி கட்டிக்கொண்டு வருவார்கள், வீட்டில் அன்றைக்குக் குழம்பு அதுதான். அவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவையே இல்லை. டவுனில் வளர்ந்து, கீரை என்றாலே வண்டியில் கட்டுக்கட்டாக வருகிற அரைக்கீரையும் சிறுகீரையும்தான் என்று பழகிவிட்டு, இப்போது தானே போய்ப் பறிக்க ஆசைப்படுகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரு மழைக்காலத்துக்கு மூன்று கீரை போதும். இணையத்தில் 'உண்ணத்தக்க நாற்பது கீரைகள்' என்று படம் போட்டு வருகிறதே, அதை வைத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். நாற்பதை அரைகுறையாகத் தெரிந்துகொள்வதுதான் இந்த வேலையில் இருக்கிற ஒரே பெரிய ஆபத்து. மூன்று செடியை முளைவிடுவதிலிருந்து விதை கொட்டுகிற வரை பார்த்துவிட்டால், இருட்டில் தொட்டுக்கூடச் சொல்லிவிடுவீர்கள், அதன் பிறகு நான்காவது தானாக வரும்.

வீட்டிலிருந்து தொடங்குங்கள்

மழை தொடங்கும் முன், புரட்டாசி கடைசியில், வீட்டுக்குப் பின்னால் ஒரு கோணிச் சாக்கு விரிக்கிற அளவு இடத்தைக் கொத்திவிட்டு அப்படியே விடுங்கள். எதையும் விதைக்க வேண்டாம், எதையும் பிடுங்கவும் வேண்டாம். இடம் இல்லாதவர்கள் இரண்டு தொட்டியில் வயல் மண்ணோ தோட்டத்து மண்ணோ நிரப்பி மாடியில் வைக்கலாம். மண்ணிலேயே விதை கிடக்கும், மழை பட்டதும் முளைக்கும். தினம் காலையில் ஒரு பார்வை, வாரத்துக்கு ஒரு முறை போனில் ஒரு படம். இரண்டு இலை விட்ட நாற்று எப்படி இருந்தது, பூத்தபோது எப்படி மாறியது என்று உங்கள் கண்ணே பழகிவிடும். வெளியே போய்ப் பார்க்கும்போது இந்தப் பழக்கம்தான் கைகொடுக்கும்.

அடுத்து சந்தை. கடலூர் உழவர் சந்தையிலும் புதுச்சேரி பெரிய மார்க்கெட்டிலும் மழைக்காலத்தில் வயதான பெண்கள் சிலர் சாக்கை விரித்து, கட்டாகக் கட்டாமல் கூறு போட்டுக் கீரை விற்பார்கள். காட்டுக்கீரை அவர்களிடம்தான் வரும். ஒரு கூறு வாங்குங்கள். "ஆயா, இது என்ன கீரை? எங்கே பறிச்சது? எப்படி ஆக்குறது?" என்று மூன்று கேள்வி கேளுங்கள், கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேட்டால் நிதானமாகப் பதில் வரும். பிறகு வேர், பூ, காய் எல்லாம் இருக்கிற ஒரு முழுச்செடியை வீட்டுக்குக் கொண்டுவந்து உங்கள் சாக்கு இடத்தில் முளைத்ததோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

செய்தித்தாள் நடுவே வைத்து மேலே கனமான புத்தகம் ஏற்றினால் பத்துப் பதினைந்து நாளில் செடி உலர்ந்து தட்டையாகிவிடும். மழைக்காலத்தில் காகிதத்தைத் தினம் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். உலர்ந்ததை ஒரு தடித்த தாளில் ஒட்டி, பறித்த இடம், தேதி, சொன்னவர் சொன்ன பெயர், பூவின் நிறம் (உலர்ந்தால் நிறம் போய்விடும்) ஆகியவற்றை எழுதி வையுங்கள். 1955-லிருந்து இயங்குகிற புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் உலர்தாவரத் தொகுப்பும் அடிப்படையில் இதே முறையில் சேர்த்ததுதான். உங்கள் தொகுப்பில் மூன்று தாள் இருந்தால் போதும்.

அந்த மூன்று

என் தேர்வு குப்பைக்கீரை, முடக்கத்தான், பண்ணைக்கீரை.

குப்பைக்கீரை எங்கும் இருக்கும், தண்டங்கீரையின் சொந்தக்காரச் செடி. முட்டை வடிவ இலை, நீளமான காம்பு, தண்டில் முள் கிடையாது, உச்சியில் பச்சையாகக் கதிர்போலப் பூ. இலையின் நுனியை உற்றுப் பாருங்கள், கூராக முடியாமல் நடுவில் சின்னதாக ஒரு வெட்டு இருக்கும், நகத்தால் கிள்ளி எடுத்ததுபோல. இலை ஓரம் வழவழவென்று ஒரே கோடாக ஓடும். இதை ஏன் இவ்வளவு விளக்குகிறேன் என்றால், அதே இடத்தில், அதே உயரத்தில், பெரும்பாலும் பத்து அடிக்குள்ளேயே குப்பைமேனி நிற்கும். அதன் இலை ஓரத்தில் ரம்பப் பல் வரிசை தெரியும். தண்டோடு ஒட்டி எழும்புகிற கதிரில் சின்னச் சின்னப் பச்சைக் கிண்ணங்கள் அடுக்கினாற்போல் இருக்கும். வேரைப் பிடுங்கிப் போட்டால் தெருப்பூனை தேடி வந்து புரளும். குப்பைமேனி தோலுக்குப் பூசுகிற மூலிகை. வயிற்றுக்குள் போனால் வாந்தி வரவைக்கும், ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்தவர்களுக்கு ரத்த அணுக்கள் உடைகிற அளவுக்கு ஆபத்தானது. ஆக, விதி இதுதான்: நுனியில் வெட்டு, ஓரத்தில் பல் இல்லை, இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் பையில் போடலாம். ஒரு இலையைப் பார்த்து முடிவு செய்யாமல் நாலைந்து இலையைப் பாருங்கள், பூச்சி கடித்த நுனியும் வெட்டுப்போலத் தெரியும். இலைக்கணுவில் இரண்டிரண்டு முள் இருந்தால் அது முள்ளுக்கீரை, அதன் இளந்தளிரும் சாப்பிடுவதுதான், கையைக் கிழித்துக்கொள்ளத் தயாராக இருந்தால் பறிக்கலாம்.

முடக்கத்தானில் குழப்பம் குறைவு, அதனால்தான் புதியவர்களுக்குச் சொல்கிறேன். வேலியில் ஏறுகிற மெல்லிய கொடி, மும்மூன்றாகப் பிரிந்து பல்பல்லாக வெட்டுப்பட்ட இலை, பற்றிப் பிடிக்கிற சுருள் கம்பி, பச்சைப் பலூன்போல ஊதின முக்கோணக் காய். காயை அழுத்தினால் டப்பென்று வெடிக்கும். முற்றின காயைப் பிரித்தால் உள்ளே மூன்று கறுப்பு விதை, ஒவ்வொன்றிலும் வெள்ளையாக ஒரு இதய வடிவப் புள்ளி. அதைப் பார்த்துவிட்டால் அதற்குமேல் சந்தேகமே வேண்டாம். ஆனால் அதே வேலியில் குன்றிமணியும் ஏறியிருக்கலாம் (புளிய இலைபோல வரிசையாகச் சின்ன இலை), செங்காந்தளும் ஏறியிருக்கலாம் (இலை நுனியே சுருண்டு கம்பிபோலப் பிடித்துக்கொள்ளும்). இரண்டும் விஷம். கொடிகள் பின்னிக் கிடக்கும்போது ஒரு பிடியாக உருவக் கூடாது, ஒவ்வொரு தளிராகத் தண்டைத் தொடர்ந்து பார்த்துத்தான் கிள்ள வேண்டும்.

பண்ணைக்கீரை மானாவாரிக் கொல்லைகளில் மல்லாட்டை, கம்பு, உளுந்து இவற்றுக்கு நடுவே களையாக வரும். பூத்துவிட்டால் தூரத்திலிருந்தே தெரியும், வெள்ளிபோல மினுங்குகிற கதிர், நுனியில் இளஞ்சிவப்பு. சிக்கல் என்னவென்றால் பூத்தபின் இலை முற்றி ருசி போய்விடும், பூக்கும் முன்னால் புதியவர்களுக்கு அடையாளம் தெரியாது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. பூத்த செடியைக் கண்டுபிடியுங்கள், அதன் காலடியைச் சுற்றிப் பாருங்கள், பின்னால் முளைத்த இளஞ்செடிகள் அங்கேயே நிற்கும். பெரியதன் அடி இலையையும் சின்னதன் இலையையும் அருகருகே பிடித்து ஒப்பிடுங்கள். இப்படிப் பூவிலிருந்து நாற்றுக்குப் பின்னோக்கிப் போவது எந்தக் கீரைக்கும் பொருந்தும்.

யாரிடம் கேட்பது

போன் செயலி படத்தைப் பார்த்து ஒரு பெயர் சொல்லும். அதைத் தொடக்கமாக எடுத்துக்கொள்ளலாம், முடிவாக எடுத்துக்கொண்டு சமைக்கக் கூடாது. களை எடுக்கிற பெண்கள் சொல்வதைத்தான் நான் நம்புவேன், ஏனென்றால் அவர்கள் அந்தச் செடியை ஆயிரம் முறை பிடுங்கியிருக்கிறார்கள், சாப்பிட்டும் இருக்கிறார்கள். கொல்லைக்குப் போய் நின்று வேடிக்கை பார்ப்பது அவர்களுக்குத் தொந்தரவு, சாப்பாட்டு வேளையில் வரப்பில் உட்கார்ந்திருக்கும்போது பேசுங்கள். அக்கா, அம்மா என்று கூப்பிட்டு இரண்டு வார்த்தை பேசினால் அவர்களே செடியைப் பிடுங்கிக் கையில் கொடுத்துச் சொல்வார்கள். அவர்கள் நேரத்தை எடுத்துக்கொள்கிறோம் என்பது நினைவிருக்கட்டும், டீ வடையாவது வாங்கிக் கொடுங்கள். அவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

ஒன்று கவனம். ஊருக்கு ஊர் பெயர் மாறும். ஒரே பெயர் இரண்டு செடிக்கு ஓடும், மூக்கிரட்டையையும் சாரணையையும் மாற்றி மாற்றிச் சொல்வார்கள். பெயரை வைத்து முடிவு செய்யாமல் செடியைக் கையில் வைத்துப் பேசுங்கள்.

எங்கே பறிக்கலாம், எங்கே கூடாது

தரையில் இருப்பதையெல்லாம் கீரை இழுத்துக்கொள்ளும். ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் கழுவினால் போகாது, வேகவைத்தாலும் போகாது. ஆகவே இடம்தான் முக்கியம். தேசிய நெடுஞ்சாலை ஓரம், தண்டவாள ஓரம், சாக்கடை ஓரம், குப்பை எரித்த இடம், கடலூர் முதுநகருக்குத் தெற்கே சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய நிலமும் ஓடைகளும், இவை எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள், எவ்வளவு செழிப்பாக வளர்ந்திருந்தாலும் சரி. அளவுக்கு மீறின செழிப்பே சில சமயம் எச்சரிக்கைதான், எருக்குழி ஓரத்திலும் கழிவுநீரிலும் வளர்கிற கீரையில் நைட்ரேட் அதிகமாகச் சேரும்.

வயல் வரப்பு நல்ல இடம், ஆனால் நிலத்துக்காரரிடம் இரண்டு கேள்வி கேட்காமல் கை வைக்கக் கூடாது: "பறிச்சுக்கலாமா?", "மருந்து அடிச்சு எத்தனை நாள் ஆச்சு?" களைக்கொல்லி அடித்த வரப்பு ஒரு வாரம் வரைக்கும் பச்சையாகவே இருக்கும், பிறகுதான் மஞ்சளடிக்கும், எனவே பார்வையை வைத்து முடிவு செய்ய முடியாது. அந்தப் பருவத்தில் மருந்து அடித்தேன் என்றால் அந்த வரப்பே வேண்டாம். பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்புகளுக்கும் இதே பேச்சுதான், அங்கே பூ எடுக்கிற காலத்தில் பூச்சிமருந்து அடிப்பார்கள்.

ஆறு கரை புரண்ட வருடம் என்றால் படுகைப் பக்கம் போகாதீர்கள். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து, அடுத்த நாட்களில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்ததே, அந்த மாதிரி நேரத்தில் ஊர்க் கழிவு முழுக்க வண்டலோடு சேர்ந்து வந்து படியும். அந்த வண்டலில் அடுத்து முளைக்கிற கீரை கண்ணைப் பறிக்கும், இருந்தாலும் அந்தப் பருவத்துக்கு விட்டுவிடுவதுதான் சரி. வெள்ளம் நின்ற சேற்றில் காலில் புண்ணோடு இறங்கினால் எலிக்காய்ச்சலும் வரும்.

ஊசுட்டேரி பறவைகள் சரணாலயம், பிச்சாவரத்து அலையாத்திக் காடு வனத்துறையுடையது. அங்கே பார்க்கலாம், பறிக்கக் கூடாது.

தொடவே கூடாதவை

காளான். மழை விட்ட மறுநாள் புற்றுமேட்டிலும் புல்தரையிலும் வெள்ளை வெள்ளையாக எழும்பி நிற்கும், ஊரில் சிலர் பறித்துச் சாப்பிடவும் செய்வார்கள். அவர்கள் ஒரே இடத்தில் வருடக்கணக்காகப் பார்த்துப் பழகியவர்கள். கட்டுரை படித்துவிட்டுக் காளான் பறிக்கப் போவது உயிரோடு விளையாடுவது. மஞ்சள் போட்டு வேகவைத்தால் நிறம் மாறும், வெள்ளிக்காசு போட்டால் கறுக்கும் என்பதெல்லாம் பொய். விஷக் காளானைக் கண்டுபிடிக்கச் சமையலறையில் எந்தச் சோதனையும் கிடையாது.

கிழங்கும் வேண்டாம். செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநில மலர், பூ அழகு, ஆனால் அதன் கிழங்கைக் காட்டுவள்ளி என்று நினைத்துச் சாப்பிட்டு இறந்தவர்கள் இருக்கிறார்கள். உடைத்தால் பால் வருகிற செடியை முதல் வருடம் முழுக்க ஒதுக்கிவிடுங்கள். பால் வந்தாலும் உண்ணக்கூடியவை சில உண்டு, அது பழகினவர்களுக்கு. ஊமத்தை, அரளி, எருக்கு இவை எப்படி இருக்கும் என்று முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கேரட் இலைபோல இருக்கிற பார்த்தீனியத்தைத் தொட்டாலே சிலருக்கு அரிப்பு வந்துவிடும்.

பறிக்கிற நாள்

காலை ஆறரையிலிருந்து எட்டு மணிக்குள். வெயில் ஏறினால் பையிலேயே வாடிவிடும். முழுக்கைச் சட்டை, கணுக்கால் மூடுகிற ஷூ, ஒரு குச்சி, சின்னக் கத்தரிக்கோல், கீரைக்கு ஒன்றாக இரண்டு மூன்று மஞ்சப்பை. எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டால் வீட்டுக்கு வந்து பிரிப்பதற்குள் குழம்பிவிடுவீர்கள், தவறான ஒரு செடி சேர்ந்து வந்தால் கண்ணுக்கே தெரியாது.

புதரில் கை விடும் முன் குச்சியால் தட்டுங்கள். கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் இந்தப் பக்கத்தில் உண்டு, மழைக்கு மேட்டுக்கு ஏறி வரும். கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் செய்யாமல், கடிபட்ட இடத்தை அசைக்காமல் வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். கடலூர் அரசு தலைமை மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர் என்று எது பக்கமோ அங்கே நேராகப் போங்கள். தனியாகப் போகாதீர்கள் என்பதும் இதனால்தான்.

வேரோடு பிடுங்க வேண்டாம். நுனியில் நாலு விரல் நீளம் கிள்ளுங்கள், இரண்டு வாரத்தில் பக்கத்தில் மறுபடி துளிர்க்கும். ஒரு இடத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள், பூத்ததை விதைக்கு விட்டுவிடுங்கள். அந்த இடத்தில் களை எடுக்க வருகிற அம்மாக்களுக்கும் அதே கீரைதான் குழம்பு என்பதை மறக்கக் கூடாது.

ஆய்வது, ஆக்குவது

வீட்டுக்கு வந்ததும் செய்தித்தாளில் கொட்டி, ஒவ்வொரு தளிராக எடுத்து ஆயுங்கள். இது இரண்டாவது சோதனை. நுனி வெட்டு, ஓரப் பல் எல்லாவற்றையும் மறுபடி பாருங்கள், சந்தேகம் வந்த ஒரு தளிரைக்கூட உள்ளே விடாதீர்கள். பிறகு அகலமான பாத்திரத்தில் தண்ணீர் நிறையவிட்டு அலசுங்கள். கீரையை மேலாக அள்ளி எடுக்க வேண்டும், தண்ணீரோடு சாய்த்தால் அடியில் இறங்கின மண் மறுபடி மேலே வந்துவிடும். அடியில் மண் தட்டாமல் வரும் வரை, செம்மண் இடத்துக் கீரைக்கு நாலு தண்ணீர் ஆகும். பச்சையாக எதையும் சாப்பிட வேண்டாம்.

குப்பைக்கீரைக் கடைசல் நம் பக்கத்து முறையில்: கைப்பிடிப் பாசிப்பருப்பை மலர வேகவைத்து, அதில் சின்ன வெங்காயம், நாலு பல் பூண்டு, பச்சை மிளகாய், சீரகம் போட்டு, கொதி வந்ததும் கீரையைச் சேர்த்து மூடாமல் வேகவிடுங்கள், ஏழெட்டு நிமிடம் போதும். இறக்கி உப்புப் போட்டு மண்சட்டியில் மத்தால் கடையுங்கள். மிக்சியில் அடித்தால் பசையாகிவிடும். தாளிக்க நல்லெண்ணெயில் வடவம் ஒரு உருண்டை, காய்ந்த மிளகாய் இரண்டு. வடவம் பொரிகிற வாசனையே பாதிச் சாப்பாடு. பண்ணைக்கீரையும் இதே மாதிரிதான், அதற்குப் பாசிப்பருப்பைக் குறைத்துப் புளி கொஞ்சம் கரைத்துவிட்டால் நன்றாக இருக்கும்.

முடக்கத்தானை தோசைக்கு அரைப்பதுதான் சுலபம். இரண்டு டம்ளர் புழுங்கலரிசி, ஒரு ஸ்பூன் வெந்தயம் ஊறவைத்து, இரண்டு கைப்பிடி இலையோடு அரைத்து ராத்திரி முழுக்கப் புளிக்கவிட்டால் கசப்பு பெரும்பாலும் அடங்கிவிடும். முதல் தடவை இரண்டு தோசையோடு நிறுத்துங்கள், வயிற்றை இளக்கும்.

எந்தப் புதுக் கீரையையும் முதல் முறை தனியாகச் சமைத்து, கொஞ்சமாகச் சாப்பிட்டு, மறுநாள் வரை பாருங்கள். கலவைக்கீரை நன்றாகப் பழகின பிறகு. சமைக்காத தளிர் இரண்டை எடுத்து ஃபிரிட்ஜில் வைத்திருப்பது நல்லது, ஏதாவது ஒத்துக்கொள்ளாமல் போனால் டாக்டரிடம் காட்டலாம். சிறுநீரகக் கல் இருப்பவர்கள், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமைக்கான மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் டாக்டரைக் கேட்டுவிட்டுச் சாப்பிடட்டும். சின்னக் குழந்தைகளுக்குப் பறித்த கீரையை முதல் வருடம் கொடுக்கவே வேண்டாம்.

அடுத்த மழைக்கு

மூன்றும் கைக்கு வந்துவிட்டால், நெல் வயலில் நாலு இலை விட்டு மிதக்கிற ஆரைக்கீரை (மூன்று இலையும் மஞ்சள் பூவும் இருந்தால் அது புளியாரை), கசக்கினால் கை கறுக்கிற வெள்ளைப்பூ கரிசலாங்கண்ணி, வேலியோரத்துப் பிரண்டை என்று போகலாம். பிரண்டை ஆய்வதற்கு முன் கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், துவையலுக்கு அரைக்கும் முன் எண்ணெயில் நிறம் மாறுகிற வரை வதக்கிப் புளி சேருங்கள், இரண்டில் எது குறைந்தாலும் நாக்கு அரிக்கும். கிள்ளை, பரங்கிப்பேட்டைப் பக்கம் உறவுக்காரர்கள் இருந்தால் உவர் நிலத்து உமரிக்கீரையைக் கேட்டுப் பாருங்கள். குண்டு குண்டாகச் சாறுள்ள சின்ன இலை, வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சமைப்பார்கள், கீரையிலேயே உப்பு இருப்பதால் தனியாக உப்புப் போடும் முன் ருசி பார்த்துக்கொள்ளுங்கள்.